இருபத்தைந்து நிமிடம் திறக்காத கதவு

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் சிட்னிப் புறநகரான கிரவீனில் மின்சாரம் நின்றுபோனது, அண்ணை. காலையிலிருந்தே காற்று பலமாக வீசியது. தெருமுனையில் நிற்கும் பெரிய மரத்தின் கிளை ஒன்று முறிந்து கம்பியில் விழுந்ததாகப் பிறகு அறிந்தேன். வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே இருந்தோம். மேசை இழுப்பறையில் இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தேன். கந்தகமும் கருகிய மரமும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறிய அதே கணத்தில், என் மற்றக் கை யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டது.

"உள்ளுக்கே இருட்டாக் கிடக்கு. வாற வெளிச்சத்தையும் ஏன் மறைக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள்.

என் கை மூடியது கிரவீன் வீட்டு யன்னலை அல்ல என்பதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் நின்றேன். அவளே வந்து திரையை விலக்கிவிட்டுப் போனாள். நான் அந்த மேசையருகில் இருந்து, வெகுநேரம் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மறைந்து எழுபது நாட்கள் ஆகியிருந்தன.

நடந்தவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆயினும் அவற்றை நான் என் வாயால் ஒழுங்காக உங்களிடம் சொன்னதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நம் பழக்கத்தில், நாம் இருவரும் தனியாக அதைப் பற்றிப் பேசியது ஒரேயொரு தடவைதான். அதுவும் பத்து நிமிட நடை. ஆகவே இப்போதாவது வரிசையாக எழுதிவிடுகிறேன். என் நினைவு எங்கே தெளிவில்லையோ அங்கே அப்படியென்றே குறிப்பிடுகிறேன்.

வட நோர்வேயின் அந்தத் தீவில் ஏறக்குறைய நாற்பது வீடுகள் இருந்தன. ஒரு கடை, ஒரு தேவாலயம், கரையோரம் ஒரு மீன் தொழிற்சாலை. தமிழர் என்று நாம் இருவர் மட்டுமே. கொம்பனி நமக்குக் கொடுத்தது மஞ்சள் நிறம் பூசிய சிறிய மரவீடு. வழுக்கும் மீனிலிருந்து முள்ளைப் பிரித்தெடுக்கும் மேசையில் நாம் அடுத்தடுத்து நின்றோம். நான் கொழும்பில் சட்டப் படிப்பின் இறுதி ஆண்டை முடிக்காமல் வந்தவன். அதை நீங்கள் அறிந்த முதல் நாளே எனக்கு 'அப்புக்காத்தர்' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். வழக்குப் பேச வேண்டியவன் மீனுக்கு முள் எடுக்கிறான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்கும். நீங்கள் சொன்னபோது வலிக்கவில்லை. "அப்புக்காத்தர், இந்த மீன் குற்றவாளியோ சுத்தவாளியோ?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் அதை என் பக்கம் தள்ளிவிடுவீர்கள்.

நீங்கள் ஊர்காவற்றுறையில் பிறந்தவர். கடலைக் கடந்தே எங்கும் போய்ப் பழகியவர். அங்கே காரைநகருக்குக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்று அழைப்பீர்கள். நோர்வேயில் ஓடிய பெரிய இரும்புப் படகையும் அப்படியே அழைத்தீர்கள். "இண்டைக்குப் பாதை ஓடாது, தம்பி. காத்து மாறிப்போச்சு" என்று விடியற்காலையில் வாசலில் நின்று சொல்வீர்கள். அறிவித்தல் பலகையில் அந்தச் செய்தி வர இன்னும் இரண்டு மணிநேரம் ஆகும்.

அங்கே நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை தலைகாட்டாது. மதியத்தில் ஒரு மணிநேரம் போல வானம் நீலமாக மங்கி வெளிக்கும். அவ்வளவுதான். "இஞ்ச பகலையும் றேசனுக்குத்தான் குடுக்கிறாங்கள்" என்றீர்கள். பிற்பகல் மூன்று மணியை நான் எழுதும்போது அதை இருள் என்று கொள்ள வேண்டும். அன்றைய நிகழ்வு நடந்தது அந்த நேரத்தில்தான்.

இரண்டு நாட்களாகப் பனி நிற்காமல் கொட்டியது. மூன்றாம் நாள் மதியம் தொழிற்சாலையை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாம் இடுப்பளவு பனிக்குள் கயிறு பிடித்து நடப்பவர்களைப் போல ஒருவர் பின் ஒருவராக வந்தோம். விறகு அடுப்பை மூட்டி, அரிசியைப் போட்டு, விறைத்த கையை உரசிக்கொண்டு இருக்கும்போது மின்சாரம் நின்றது. அப்போது மணி இரண்டு நாற்பது. நான் பார்த்தேன்.

அதன்பின் நாம் செய்ததை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாமும் ஒருவருக்கொருவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் மெழுகுதிரியை ஏற்றி, வெறும் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, மேசைக்குக் கீழே தள்ளினீர்கள். நான் கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்துக் குசினி யன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அறை யன்னலுக்கு என் மேலங்கி. ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு மூலையில் துணியைச் செருகினேன். ஊரில் போர்க்காலத்தில் எத்தனை ஆண்டுகள் அப்படிச் செய்தோம். நோர்வேயின் மீன்பிடிக் கிராமத்தில் ஹெலிகொப்டரில் குண்டு போட யார் வரப்போகிறான் என்ற கேள்வி நம் இருவருக்கும் எழவேயில்லை. எல்லாம் முடிந்த பின்னர்தான் நீங்கள் மேலே பார்த்துச் சொன்னீர்கள்: "இந்தப் பனிக்க ஹெலி வந்தால், தம்பி, அவன்தான் பாவம்."

நாம் சிரித்தோம். ஆனால் கம்பளியைக் கழற்றவில்லை.

மூன்று பத்துக்குக் கதவு தட்டப்பட்டது.

இங்கிருந்து நான் மிகக் கவனமாக எழுத வேண்டும். ஏனெனில் இந்த இடத்தில்தான் நீங்கள் பின்னாட்களில் சொன்ன கதையும் நடந்ததும் பிரிகின்றன.

"ஆரோ வந்திருக்கினம்" என்று நீங்கள் எழுந்தீர்கள்.

நான் உங்களுக்கு முன்னால் போய்க் கதவில் முதுகை வைத்து நின்றேன். "சத்தம் போடாதேங்கோ."

"ஆர்னேயா இருக்கும்."

ஆர்னே நம் பக்கத்து வீட்டுக்காரர். தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பார்ப்பவர், அறுபது வயதை நெருங்கியவர், மேட்டில் தனியாக இருந்தவர். நாம் வந்த முதற் கிழமையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வாசற்படியில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனவர். பதிலுக்கு நீங்கள் மீன்கறி கொடுத்தீர்கள். கண்ணீரும் வியர்வையுமாக அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைக்காமலே வந்தார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்.

"இந்தப் புயலுக்க அவர் ஏன் வாறார்?" என்றேன். "அண்ணை, திறக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

வெளியே யாரோ கத்துவது கேட்டது. காற்று சொற்களைத் தின்றது. அந்த மொழியும் நமக்கு அப்போது அரைகுறை. என் காதில் விழுந்தது ஓர் ஆண் குரலின் அதட்டல் மட்டுமே. எந்த நாட்டில் நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. என் தமையனைப் பற்றி உங்களுக்கு நான் முன்பே சொல்லியிருந்தேன். ஊரில் ஒருநாள் இராணுவம் இப்படித் தட்டியபோது கதவைத் திறந்தவன் நான். அவனைக் கொண்டு போனார்கள். பதினொரு மாதம் கழித்து வந்தான். வந்தவன் அதன்பின் யாரோடும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை.

நீங்கள் என்னைவிட உயரமும் பலமும் உடையவர். ஒரு கையால் என்னை விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. என் எதிரில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தீர்கள். மெழுகுதிரி மேசைக்குக் கீழே எரிந்ததால் உங்கள் கால்கள் மட்டுமே எனக்குத் தெரிந்தன. தட்டுவது நின்றது. பிறகு யன்னல் பக்கம் பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் கதவு. இடையிடையே நீங்கள் "தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள். நான் மறுத்துத் தலையை ஆட்டினேன். இருளில் அது உங்களுக்குத் தெரிந்திராது.

இப்படி எவ்வளவு நேரம் போனது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மணிக்கூட்டின் முட்கள் இருளில் ஒளிர்பவை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நீங்கள் எழுந்து வந்து கதவில் காதை வைத்தீர்கள். என் தோளின் உயரத்தில் இல்லை. குனிந்து, முழங்காலின் உயரத்தில்.

"கீழ தட்டுறான், தம்பி" என்றீர்கள். "முதல் மேல தட்டினவன், இப்ப கீழ தட்டுறான். நிலத்தில இருந்துகொண்டு தட்டுறான்."

நான் கதவை விட்டு விலகவில்லை.

"ஆமி இருந்துகொண்டு தட்டமாட்டான்."

இதைச் சொல்லிவிட்டு என் இரு தோள்களையும் பிடித்து, நீங்கள் எழுந்து வந்த கதிரையில் என்னை இருத்தினீர்கள். முரட்டுத்தனம் சிறிதும் இல்லை. சுகமில்லாத ஒருவரைக் கட்டிலில் கிடத்துவது போல இருந்தது. பிறகு தாழ்ப்பாளை விலக்கினீர்கள். மணி மூன்று முப்பத்தைந்து.

பனியும் ஆர்னேயும் ஒன்றாக உள்ளே சரிந்தார்கள். புருவமும் மீசையும் வெள்ளையாக உறைந்திருந்தன. வலது கையில் உறை இல்லை. தடித்த கம்பளி உறையோடு தட்டினால் மரத்தில் சத்தம் எழாது என்று அதைக் கழற்றியிருக்கிறார். காற்று அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. வெறும் கையால் தட்டியிருக்கிறார், வெறும் கையால் யன்னல் பனியையும் வாரியிருக்கிறார்.

அவர் நம்மை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் மொழியில், "உயிரோடு இருக்கிறீர்கள்" என்றார். அதில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மேசைக்குக் கீழே எரிந்த மெழுகுதிரியைக் கண்டார். தவழ்ந்து போய், இடக்கையால் அதை எடுத்து, என் கம்பளியை ஒரே இழுப்பில் பிய்த்தெறிந்துவிட்டு, யன்னல் விளிம்பில் வைத்தார். அதன்பின்தான் நிலத்தில் இருந்தார்.

அந்த ஊரின் வழக்கத்தை அன்று அறிந்தோம். மின்சாரம் நின்றால் ஒவ்வொரு வீடும் தெருவைப் பார்க்கும் யன்னலில் ஒரு மெழுகுதிரி வைக்கும். மேட்டில் இருப்பவர் எண்ணுவார். ஒன்று குறைந்தால் யாராவது அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அதை நமக்கு யாரும் சொல்லவில்லை. இதைக்கூடச் சொல்லித் தர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை. ஆர்னே காற்று தணிந்த ஓர் இடைவெளியில் எண்ணியிருக்கிறார். ஒன்று குறைந்தது. புகைபோக்கியைப் பனி அடைத்து, அடுப்புப் புகையில் நாம் இருவரும் செத்துக் கிடக்கிறோம் என்றே முடிவுசெய்திருக்கிறார். அதனால்தான் திரும்பிப் போக மறுத்திருக்கிறார்.

அவருடைய வலக்கையின் கடைசி இரு விரல்களும் மெழுகின் நிறத்தில் இருந்தன. நீங்கள் உங்கள் சட்டையைத் திறந்து, அந்தக் கையை உங்கள் அக்குளுக்குள் வைத்து, அவரைக் கட்டிப்பிடித்தபடி அடுப்பருகே நிலத்தில் இருந்தீர்கள். ஒரு மணிநேரத்துக்கு மேல் அப்படியே இருந்தீர்கள். குளிரில் உங்கள் பற்கள் அடித்துக்கொண்டன. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தமிழிலேயே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் சோற்றை இறக்கி வைத்தேன். அன்று நான் செய்த பயனுள்ள காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் மதியம் மின்சாரம் வந்தது. அதற்கடுத்த நாள் பாதை ஓடியது. ஆர்னேயைப் பெருநிலத்து வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். இரு விரல்களின் நுனிகளையும் காப்பாற்ற முடியவில்லை.

அன்று பின்னேரம் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண்ணும் தொழிற்சாலை மேற்பார்வையாளரும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். கதவை ஏன் அவ்வளவு நேரம் திறக்கவில்லை என்று மேற்பார்வையாளர் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பதிலுக்காக நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன் என்றே நம்புகிறேன். அதை உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. அதற்குள் நீங்கள் உங்கள் மார்பைத் தொட்டு, "நான்தான்" என்றீர்கள். தெரிந்த பத்து நோர்வே சொற்களையும் கைகளையும் கொண்டு, கட்டிலுக்குக் கீழே நுழைந்து நடுங்கும் ஒருவனை அங்கேயே நடித்துக் காட்டினீர்கள். முதலில் கடைக்காரப் பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யாரோ உங்கள் முதுகில் தட்டினார். போகும்போது கடைக்காரப் பெண் ஒரு பெட்டி மெழுகுதிரியைக் காசு வாங்காமல் உங்கள் கையில் திணித்தாள்.

திரும்பி நடக்கும்போது நான் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"எப்பிடி?"

"கதவில நிண்டது நான்."

நீங்கள் மெழுகுதிரிப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினீர்கள். "உன்னைப் பாத்து அவை சிரிச்சா நீ ஒரு கிழமைக்கு நித்திரை கொள்ளமாட்டாய், அப்புக்காத்தர். என்னைப் பாத்துச் சிரிச்சா நானும் சேந்து சிரிப்பன். எது லாபம் எண்டு நீயே தீர்ப்புச் சொல்லு."

இன்னொரு காரணமும் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஏன் என்ற கேள்வியும் வந்திருக்கும். அதற்கு என் தமையனை அந்தக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆர்னே கட்டுப்போட்ட கையோடு வழக்கம்போல வந்தார். இடக்கையால் சோற்றை அள்ளினார். "எங்கட ஊரில இடக்கையால சாப்பிட்டா அடி விழும் எண்டு சொல்லு" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். சொன்னேன். அவர் சோறு புரையேறும்வரை சிரித்தார். பல ஆண்டுகளாக நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு வாழ்த்தட்டை அனுப்பினார். பிறகு அது நின்றது. அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. அதை இனிச் சரிசெய்ய வழி இல்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

நான் சிட்னிக்கு வந்தேன். மறுபடியும் படித்து, தாமதமாகத்தான் என்றாலும் சட்டத்தரணி ஆனேன். சில ஆண்டுகளில் திருமணம் செய்துகொண்டு நீங்கள் மெல்பேர்னுக்கு வந்தீர்கள். இறைச்சியும் மீனும் உறையவைக்கும் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. "பனி என்னை விட்டுப் போகமாட்டன் எண்டுது" என்று தொலைபேசியில் சொன்னீர்கள்.

அதன்பின் எத்தனை கூடல்களில் அந்தக் கதையைச் சொன்னீர்கள் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, வீடு குடிபுகுதல் என்று எங்கே நாம் இருவரும் சேர்ந்தாலும், சாப்பாடு முடிந்ததும் யாராவது, "அந்தப் பனிக் கதையைச் சொல்லுங்கோவன்" என்பார். நீங்கள் மேசையில் விரல்களை மடித்துத் தட்டித் தொடங்குவீர்கள். அப்புக்காத்தர் திறவுங்கோ திறவுங்கோ என்று மன்றாடுவார். நீங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்து மாட்டேன் என்பீர்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கட்டில் தாழ்ந்துகொண்டே போனது, நீங்கள் அதற்குள் நுழையப் படும் பாடும் கூடிக்கொண்டே போனது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருமுறை நீங்கள், "இருபது நிமிசம் திறக்கேல்லை" என்றபோது நான் குறுக்கிட்டேன். "இருபதில்லை, அண்ணை. இருபத்தைந்து." நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "அப்புக்காத்தர் சொன்னாச் சரி" என்று தொடர்ந்தீர்கள். நேரத்தைத் திருத்தினேன். ஆளைத் திருத்தவில்லை. அந்த மாலையை நினைக்கும்போது இன்றைக்கும் முகம் சூடாகிறது. பகலில், விசாவுக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் என் முன்னால் இருந்து வாக்குமூலம் சொல்கிறார்கள். 'நடந்தது' என்று எழுத வேண்டாம், 'நான் செய்தேன்' என்று சொல்லுங்கள் என்று அவர்களைத் திருத்துவது என் தொழில்.

கடைசியாக வைத்தியசாலைக்கு வந்தபோது இதையெல்லாம் என் வாயால் சொல்லிவிடவே வந்தேன். நான் உள்ளே வரும்போது நீங்கள் தாதிப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மூச்சு வாங்கியது. கட்டில் தகட்டில் தட்டிக் காட்டினீர்கள். அவள் சிரித்தாள். நான் என்ன செய்ய? வாங்கி வந்த தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது உங்கள் மகள் அபி அழைத்தாள். "அங்கிள், மண்டபத்தில நீங்கள் பேசோணும். ப்ளீஸ். அந்த ஸ்னோ ஸ்டோரி. அப்பா மாதிரியே சொல்லுங்கோ. எல்லாரும் அதைத்தான் கேக்கினம்."

ஓம் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு, அதை அப்பா மாதிரியே சொல்ல என்னால் இயலாது என்று தெரிந்தது. நீங்கள் உயிரோடு இருந்தபோது அது உங்கள் கதை. விரும்பியபடி சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்தது. நீங்கள் இல்லாத மண்டபத்தில் உங்களைக் கட்டிலுக்குக் கீழே படுக்கவைக்கும் உரிமை எனக்கு இல்லை.

கூட்டத்துக்கு முதல்நாளே மெல்பேர்னுக்குப் போனேன். உங்கள் வீட்டுக் குசினியில் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அபி அடுப்பருகில் நின்றாள். இருவரிடமும் சொன்னேன். இங்கே எழுதியதைவிடக் குறைந்த சொற்களில், ஆனால் தமையனையும் விடாமல் சொன்னேன்.

அபியின் முகம் மாறியது. "வெயிட். அப்ப எல்லாரும் அப்பாவைப் பாத்துச் சிரிச்சது உங்களுக்காகவா?"

"ஓம்."

"என்ர வெடிங்லயும் சொன்னவர். என்ர இன்-லோஸ் எல்லாரும் சிரிச்சவை. நீங்களும் முன்னுக்கு இருந்து சிரிச்சீங்கள்."

"ஓம், பிள்ளை."

அவள் அடுப்பை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

அண்ணி கத்தியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "எனக்குத் தெரியும், தம்பி" என்றார்.

"அண்ணை சொன்னவரோ?"

"அவர் எங்க சொன்னவர்? நான் கேட்டனான் எண்டாலும் மழுப்பிப்போடுவார். சோலர் விக்க வாறவன், சமயம் பரப்ப வாறவன், பிழையான வீட்டுக்குப் பீட்சா கொண்டாறவன், எல்லாரையும் உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி குடுத்த மனுசன். அவர் இருபத்தைஞ்சு நிமிசம் கதவு திறக்காமல் இருந்தவர் எண்டு சொன்னா நான் நம்புவனே? ஆரையோ மறைக்கிறார் எண்டு நினைச்சனான். அந்த வீட்டில இருந்தது ரெண்டு பேர்தானே."

ஆண்டுக்கணக்கில் சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பழகிய எனக்கு, இந்தச் சாட்சியம் ஒருநாளும் கண்ணில் படவில்லை.

"அவள் வருவாள்" என்றார் அண்ணி. "கோவம் நியாயமான கோவம். கிடக்கட்டும். நாளைக்கு மண்டபத்தில இதையே சொல்லும்."

சொன்னேன், அண்ணை. ஏறக்குறைய நூற்றிருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் உங்கள் வாயால் அதைக் கேட்டவர்கள். நான் எழுந்ததுமே சிலர் சிரிக்கத் தயாராக முகத்தை வைத்திருந்தார்கள். "கதவைத் திறக்கவிடாமல் நின்றவன் நான்" என்று தொடங்கினேன். எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்து வாசித்தேன். நேரங்களைச் சொன்னேன், தூரங்களைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முடித்தபோது மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மரியாதை இருந்திருக்கலாம். உங்களுக்குக் கிடைத்து வந்த எதுவும் அதில் இல்லை.

சாப்பாட்டு வேளையில் அபி ஒரு தட்டோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. சிறிது நேரம் சோற்றைக் கிளறினாள்.

"அங்கிள், நீங்கள் சொன்னது உண்மை. ஓகே. ஆனா நீங்கள் சொன்ன விதம் சரியான மோசம்."

"தெரியும்."

"கோர்ட்ல ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி. அப்பா கேட்டிருந்தா எழும்பிப் போயிருப்பார்." பிறகு தட்டை மடியில் வைத்துவிட்டு, கதிரைக் கையில் மேலே மூன்று தடவை தட்டினாள். குனிந்து, கதிரைக் காலில் கீழே மெதுவாக இரண்டு தடவை தட்டினாள். "இப்பிடி. தட்டுறது கீழ போகோணும். அதில ஆக்கள் பயப்பிடோணும். பிறகு ஆமி இருந்துகொண்டு தட்டமாட்டான் எண்டோணும். அப்ப சிரிப்பினம். அப்பாவைப் பாத்து இல்லை, உங்களைப் பாத்து. அதுக்கு நீங்கள் ரெடியா?"

நான் என் தட்டைப் பார்த்தேன். அவள் விடவில்லை. "இனி இதைச் சொல்லுறது நீங்கள்தான். ப்ராக்டிஸ் பண்ணுங்கோ."

நேற்று, சனிக்கிழமை, குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் புதிதாக வாங்கிய வீடு. வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் குடும்பங்கள். உங்களை ஒருநாளும் கண்டிராதவர்கள். கிழமை நடுவில் நின்ற மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, விரல்களை மடித்து மேசையில் தட்டினேன்.

நன்றாகச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். கம்பளியை மாட்டும் இடத்தில் தேவைக்கு மேல் விவரித்தேன். ஆனால் ஹெலிகாரன்தான் பாவம் என்றபோது ஒருவர் சிரித்தார். நான் கதவில் முதுகை வைத்து நின்றதை எழுந்து நின்று காட்டினேன். கும்பிட்டுக் கேட்டதையும் காட்டினேன். "அங்கிள், நீங்களா?" என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேசைக் காலில் கீழே தட்டியபோது எல்லோரும் அடங்கிப்போனார்கள். ஆமி இருந்துகொண்டு தட்டமாட்டான் என்றேன். சிரித்தார்கள், அண்ணை. வீடு முழுக்கச் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அது வலிக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் வலித்தது. முப்பது ஆண்டுகள் நீங்கள் இருந்த இடம் அதுதான் என்பது முதல் தடவையாக உடம்பில் தெரிந்தது. சிரிப்பு அடங்கும்வரை நான் உட்காரவில்லை.

பிறகு வீட்டுக்காரப் பெண் கேட்டாள்: "அப்போ கதவைத் திறந்தவர் யாரு? அவர் பேரைச் சொல்லவே இல்லையே?"

உங்கள் பெயரைச் சொன்னேன். அவர்களுக்கு அது பழக்கமில்லாத பெயர். சரியாக விளங்கவில்லை என்றார்கள். மறுபடியும், எழுத்தெழுத்தாக, சொன்னேன்.